தேய்க்காத தூக்கு

அறுபத்தைந்தாம் வருஷம் சுரங்கத்தில் பாறை வெடித்த அன்று, தாகம் எடுத்துத் தண்ணீர்த் தூக்கு வைத்திருந்த இடத்துக்கு இருபது அடி நடந்தேன். அதனால்தான் பிழைத்தேன். நான் நின்ற இடம் மூடிப்போனது.

அதற்குப் பிறகு என் மனைவி தாயம்மா அந்தத் தூக்கை வெளியே மட்டும்தான் சாம்பல் போட்டுப் பளபளவென்று துலக்குவாள். உள்ளே ஒரு அலசல், அவ்வளவுதான். உயிரைக் காத்ததைச் சுரண்டினால் காவல் போய்விடுமாம். மேலே இருக்கும்வரை நான் அவளைக் கேலி செய்வேன். எங்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜ் கூண்டு இறங்கத் தொடங்கினால் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் மிச்சத் தண்ணீர் மகள் சாரதாவுக்கு. சுரங்கக்காரர்கள் குடியிருந்த எங்கள் லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பா பூமிக்குள் கொண்டுபோய் வந்த தண்ணீர்தான் வேண்டும்.

ஒரு கோடையில் நாலு வயசுச் சாரதாவுக்கு மூன்று முறை வயிற்றுப்போக்கு. மூன்றாம் முறை கண் உள்ளே போய்விட்டது. சுரங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

எதில் தண்ணீர் குடிக்கிறாள் என்று அங்கே நர்ஸ் மரியகுழந்தை விசாரித்தார். தூக்கைக் கொண்டுபோனேன். உள்ளே தடவிய விரலை எங்களிடம் நீட்டினார். மீன் தோல் மாதிரி வழவழப்பு. கிருமிகள் தாமே பசை சுரந்து தகரத்தில் ஒட்டிக் குடித்தனம் நடத்துமாம். பெரியவர்கள் வயிறு தாங்கும், பிள்ளை வயிறு தாங்காது, அலசினால் அது போகாது, தேய்த்துக் கொதிக்க வையுங்கள் என்றார்.

தேங்காய் நாரைக் கையில் வைத்துக்கொண்டு தாயம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"தேச்சா உங்களுக்கு இன்னா ஆவுமோ. தேய்க்கலன்னா புள்ள போயிடும்."

நாரை வாங்கி நானே தேய்த்தேன். அழுதுகொண்டே அவள் வெந்நீர் ஊற்றினாள்.

சாரதா தேறி வீடு வந்த மறுநாள் வேலைக்குப் போனேன். மேலே வந்தபோது தாயம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுரங்க கேட்டிலேயே நின்றிருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தூக்கை வாங்கியதும் அவள் கை தாழ்ந்தது. மூடியைத் திறந்தால் தளும்பத் தண்ணீர்.

"அந்தச் சூட்டுல ஒரு வாய்கூட குடிக்கலியா?"

"இத்தினி நாளா கெட்டத ஊத்துனது நான்தான? இன்னிக்கு முழுசும் அவளுக்கு."

மூடியில் ஊற்றி என் வாயருகே நீட்டினாள்.

"குடிங்க. நீங்க வச்ச மிச்சம்னாதான் அவ குடிப்பா."