தட்டில் கிடந்த கொம்புப்பிடி

"இன்னிக்கு ஒரு நாளாவது கத்திப் பேச்சை எடுக்காதீங்க," என்று பல் டாக்டரின் மனைவி காரிலேயே சொல்லிவிட்டாள். "பல்லைப் புடுங்கறது போதாதுன்னு கத்தி வேற சேக்கறாரான்னு சம்பந்தி வீட்ல பயந்துடுவாங்க."

மகளுக்குப் பதிவுத் திருமணம். இரண்டு அப்பாக்களும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டில் அவருடைய பழைய மடக்குக்கத்திகள் அலமாரியை நிறைத்துவிட்டு மனைவியின் புடவைப் பெட்டிக்குள்ளும் குடியேறியிருந்தன. எல்லாம் பழைய சாமான் கடைகளில் சல்லிசாக வாங்கியவை.

அலுவலக வாசலில் சோதனை இயந்திரம் அலறியது. டாக்டரின் சட்டைப்பையில் ஒரு கறுப்புப்பிடிக் கத்தி. மனைவி பார்த்த பார்வை அதைவிடக் கூர்மை.

"இதுல போடுங்க. போகும்போது வாங்கிக்கலாம்," என்று காவலாளி ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார்.

போடக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு கத்தரிக்கோலுக்கு அடியில் அது கிடந்தது. மான்கொம்புப் பிடி, செம்பு ஆணிகள், நுனியில் ஆட்டுக் குளம்பு போல வெட்டுப்பட்ட அலகு. விலை என்று பார்த்தால் ஒரு ஜோடி செருப்புக்குக்கூட வராது. ஆனால் கண்ணில் படாது. எத்தனையோ வருஷமாக அவர் தேடாத கடையில்லை.

மேலே போயும் மனசு கீழேயே கிடந்தது. பேனாவைக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார்.

"சார், அது மாப்பிள்ளை கையெழுத்துப் போடற இடம்," என்றார் பதிவாளர்.

மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் நைசாகப் படியிறங்கினார்.

"எதுங்க உங்களோடது?" என்றார் காவலாளி.

டாக்டர் தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, நோயாளிகளிடம் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லும் அதே குரலில், "அந்தக் கொம்புப்பிடி," என்றார்.

அது பைக்குள் போய் விழுந்த நிமிஷம் பின்னால் சம்பந்தி வந்து நின்றார். ரிடையரான போஸ்ட்மாஸ்டர், முழங்கால் வலிக்காரர்.

"என் கத்தியைக் கொடுப்பா."

டாக்டரின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

"இது ஒண்ணுதான் மிச்சம். உங்களோடதுதானே?" என்று காவலாளி கறுப்புப்பிடியை எடுத்து நீட்டினார்.

போஸ்ட்மாஸ்டர் அதைத் திறந்தார். மூடினார். மூடும் சத்தத்தைக் காதோரம் வைத்து இன்னொரு தரம் கேட்டார்.

"ஆமா. என்னோடதேதான்."

அந்த 'தே' டாக்டரை உறுத்தியது.

வெளியே கேக் பெட்டி வந்தது. கட்டியிருந்த நாடா முடிச்சு அவிழ மறுத்தது.

"அப்பா, உங்க கத்தியை எடுங்க," என்றாள் மகள்.

"அது... எங்கயோ வெச்சுட்டேன்."

"நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி.

போஸ்ட்மாஸ்டர் சாவகாசமாகக் கறுப்புப்பிடியை எடுத்து நாடாவை அறுத்தார்.

"என்னப்பா இது? உங்களோடது கொம்புப்பிடியாச்சே?" என்றான் மாப்பிள்ளை.

"அது பத்திரமா இருக்குடா."

மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, இது எங்கப்பாவோடது மாதிரியே இருக்கே!"

"மாதிரிதாம்மா. உலகத்துல மாதிரிக்கா பஞ்சம்?"

டாக்டர் கூனிக் குறுகிப் போனார். சபையில் மானத்தைக் காப்பாற்றிய மனுஷனிடமே திருடியிருக்கிறோமே! தாங்கமாட்டாமல் அவரை மரத்தடிக்கு அழைத்துப் போய்க் கொம்புப்பிடியை நீட்டினார்.

"மன்னிச்சுடுங்க சம்பந்தி. ஆசை கண்ணை மறைச்சுடுச்சு. இந்தாங்க, உங்களோடது."

"அட, விடுங்க. ஆசைப்பட்டு எடுத்தீங்க, நீங்களே வெச்சுக்கங்க." போஸ்ட்மாஸ்டர் கொட்டாவி விட்டார். கண்கள் எங்கோ தூரத்துக் கூரையைப் பார்த்தன.

அந்த முகம் டாக்டருக்குத் தெரியும். கிடைக்காத கத்தி கையில் சிக்கியதும், 'துருப்பிடிச்சுக் கிடக்கே, சும்மா பாத்தேன்' என்று கடைக்காரரிடம் தானே போடுகிற முகம்.

"சம்பந்தி," என்றார் டாக்டர். "அந்தக் கறுப்புல அப்படி என்ன இருக்கு?"

"என்ன இருக்கு? ஒண்ணுமில்ல."

"அப்ப திருப்பிக் கொடுத்துடுங்களேன்."

"பொண்ணைக் கொடுத்து பிள்ளையை எடுத்தாச்சு. இனிமே உங்களோடது என்னோடதுன்னு பேசலாமா சம்பந்தி?" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்காரர் காரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.