பன்னிரண்டு பேரின் எச்சில்

யாம்னாவுக்குக் காலையில் எழுந்திருப்பதே ஒரு வேலை. அதற்குக் கூலி கொடுப்பவர் யாருமில்லை. ஒரு கை ஊன்றி, சற்று இளைப்பாறி, மறு கை ஊன்றி, சுவரைப் பிடித்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். இருட்டு விலகும்வரை நின்றுவிட்டு அடுப்படிக்குப் போவாள். ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தெம்பு வரும். பிறகு ஸாஃபி துறைமுகத்து மீன் தொழிற்சாலைக்கு நடை.

மத்தி மீனின் தலையைக் கிள்ளித் தகர டப்பாவில் அடுக்கும் வேலை. கூடைக்கு இவ்வளவு என்று கூலி. மற்றவர்கள் பத்துக் கூடை முடிக்கும்போது யாம்னா நாலைத் தாண்டமாட்டாள். அதே மேசையில் நிற்கும் பதினோரு பெண்களும் ஆளுக்குக் கொஞ்சம் சத்தமில்லாமல் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். சத்தமில்லாமல் என்றால் மேஸ்திரி பூஷயிபுக்குக் கேட்காமல் என்று அர்த்தம். மற்றபடி பக்கத்தில் நிற்கும் மில்லூதாவின் வாய் சும்மா இருக்குமா?

"யக்கா, உன் கூடைய ரொப்பியே என் இடுப்பு போச்சு. சோம்பேறித்தனத்துக்குப் பரிசு வெச்சா உன் பேருக்கு ஒரு வீடே எழுதிக் குடுப்பாங்க."

யாம்னாவுக்குக் கோபம் வராது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அந்த மீன் பருவத்தில்தான் கல்தூம் வந்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்பவள். மன அழுத்தம் உடம்பில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஆளுக்கு இரண்டு சின்னக் குழாய் கொடுத்தாள், உள்ளே பஞ்சு. ஞாயிற்றுக்கிழமை கண் விழித்ததும் ஒரு பஞ்சை மென்று எச்சிலில் நனைக்க வேண்டும், அரை மணி கழித்து இன்னொன்று. திங்கட்கிழமை திருப்பித் தந்தால் போதும்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் புரளி கிளம்பிவிட்டது. எச்சிலைப் பார்த்தால் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்துவிடுமாம். பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தால் பூஷயிப் மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடமாட்டான். அந்த மேசையில் இரண்டு சின்னப் பெண்கள் ஏப்ரனைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேர் மட்டும் குடுக்கலன்னா மாட்டிப்பாங்க," என்றாள் மில்லூதா. "எல்லாருக்கும் யாம்னாக்காவே மென்னு குடுக்கட்டும். புருஷன் போய் மூணு வருசம் ஆச்சு. அவ எச்சில்ல என்ன இருக்கப் போவுது?"

யாம்னாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். தினமும் தன் வேலையைச் செய்கிறவர்களுக்குத் தானும் ஒரு வேலை செய்து கொடுக்கிற பாக்கியம் எப்போது கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை மில்லூதா இருபத்துநான்கு குழாய்களோடு வந்து படுக்கையருகே உட்கார்ந்தாள். நாலாவது பஞ்சிலேயே வாய் வறண்டுவிட்டது.

"நான் சொல்றேன், நீ நெனச்சுப் பாரு யக்கா. எண்ணெய் காயுது. மத்திய பொளந்து உள்ள கொத்தமல்லி, பூண்டு, மொளகாத்தூள் எல்லாம் வெச்சு..."

"மீன் பேச்சு எடுக்காதடி, வாந்தி வருது."

"சரி, உப்புல ஊறுன எலுமிச்சம்பழம். ஜாடிய தொறக்கறேன்..."

"ஆங், அத சொல்லு." எச்சில் ஊறிவிட்டது.

மூன்று வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்தூம் திரும்பி வந்தாள். அவளும் தூங்கி நாளான முகத்தோடுதான் இருந்தாள். பன்னிரண்டு பேரும் ரொட்டியும் ஆலிவும் தேநீருமாக உட்கார்ந்திருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"கார்ட்டிசால்னு ஒண்ணு இருக்கு. சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உக்காந்திருக்கும். விடியக்காலையில மூளையிலேர்ந்து அதுக்குச் சேதி வரும், அது சுரக்கும். அதனாலதான் மனுஷன் எழுந்து நிக்கிறான். உங்க பன்னெண்டு பேருக்கும் அது ஏறவே இல்ல. இருக்கிற அளவைப் பார்த்தா உங்க யாராலயும் நிக்கவே முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சாத்திய கதவு திறந்தது. பூஷயிபுக்குக் காது எப்போதுமே கதவில்தான்.

"பன்னெண்டு பேருக்கும் சீக்கா? நல்லதாப் போச்சு. நாளைக்குப் பன்னெண்டு புது ஆளு எடுத்துக்கறேன்."

"ஒருத்தரோடதுதான்," என்றாள் கல்தூம் பெண்களைப் பார்த்து. "எனக்குத் தெரியும். பன்னெண்டு உடம்பு இப்படி ஒரே மாதிரி இருக்காது. யாருன்னு சொல்லுங்க. அந்த ஆளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட உயிருக்கே ஆபத்து."

எப்போதும் வம்பளக்கும் மில்லூதா ஆலிவ் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்தால் யாம்னாவுக்கு வேலை போகும். காட்டிக்கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் போகும். இரண்டு சின்னப் பெண்களின் கையும் தானாக ஏப்ரன் மேல் போனதை யாம்னா பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். கண் இருட்டியது. விலகும்வரை நின்றாள்.

"எல்லாம் என் எச்சில்தான்."

"அப்ப நீ மட்டும் கெளம்பு," என்று சொல்லிவிட்டுப் பூஷயிப் போய்விட்டான்.

கல்தூம் அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகையெல்லாம் கறுத்திருந்தது.

"மீன் கறை, மகளே."

"கறைன்னா ரேகைக்குள்ள மட்டும் நிக்காது, யாம்னாம்மா. இது அந்தச் சுரப்பி கெட்டுப்போனதோட அடையாளம்."

மில்லூதா உடைந்து அழுதாள். "யக்கா, உன் பின்னாடி எவ்வளவு பேசியிருப்பேன், சோம்பேறி சோம்பேறின்னு."

"பின்னாடி மட்டுமா? முன்னாடியுந்தான் பேசினே. அழாதடி, கண்ணுல மீன் கைய வெக்காத."

டாக்ஸியில் யாம்னா சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள்.

"மாத்திரை உண்டு," என்றாள் கல்தூம். "ஆயுசு பூரா போடணும். ஆனா கொஞ்ச நாள்லயே தெம்பு வந்துரும். காலைல சும்மா எழுந்து நடப்பீங்க."

யாம்னாவின் தோள் குலுங்கியது. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கல்தூம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமில்ல மகளே. எம்புருசன் ஹம்மாதி செத்ததிலேர்ந்துதான் இந்தக் களைப்பு. துக்கம்னு தெருவே சொல்லிச்சு. நானும் அப்படித்தான்னு இருந்தேன். இருந்த வரைக்கும் அந்த மனுசன்கிட்ட நான் ஒரு நல்ல வார்த்த பேசினதில்ல. செத்தப்புறம் எழுந்திருக்கக்கூட முடியாமப் போச்சே, அப்ப உள்ள எங்கயோ இவ்வளவு பிரியம் இருந்திருக்குன்னு..." மூச்சு வாங்கியது. "அத நெனச்சுதான் தெனமும் மனசு தேறுவேன். இப்ப அது சுரப்பிங்கிற."

கல்தூம் பதினைந்து வருடம் மனசைப் பற்றிப் படித்தவள். யாம்னாவின் உள்ளங்கையைத் திருப்பி, கறுத்த ரேகையை விரலால் தடவினாள்.