தாடை போட்ட தாளம்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மைக் அக்காவுக்கு வாய்தான் பிழைப்பு. அந்த வாயைத் திறந்தால் காதோரத்தில் ‘டக்’. அவளுக்கு மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. மைக்கும் பிடித்து நிலையம் முழுக்கப் பரிமாறியது.

“அக்கா, பஸ்ஸுக்கு முன்னாடி உங்க தாடைக்கு கிரீஸ் போடணும்,” என்று ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேலாளர் சிரிக்கவில்லை.

“வைத்தியம் பாருங்கம்மா. அப்பவும் இந்தச் சத்தம் போகலேன்னா பதிவு பண்ண குரலைத்தான் போடணும்.”

சோறு மெல்லும்போது தாடை வலிப்பதைப் பொறுத்துக்கொண்டிருந்தவள், வேலைக்கே ஆபத்து என்றதும் பொறுக்கவில்லை. புருஷனை இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பல்லைத் தட்டிப் பார்ப்பாள் என்று நினைத்தால், “தூங்கும்போது எதால மூச்சு விடுறீங்க?” என்று கேட்டாள்.

“மூக்காலதான். வேற எதால?”

“வாயால, டாக்டர்,” என்றார் புருஷன். “குறட்டையா அது? மரம் அறுக்கிற மில்லு! நடுவுல மில்லு நின்னுடும். பயந்துபோய் உலுக்குவேன், மறுபடி ஓடும்.”

“இவருக்கு வேற வேலையே இல்ல!”

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். சின்னதிலிருந்தே மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டால், நாக்கு மேலண்ணத்தில் தங்காமல் கீழே கிடக்குமாம். மேல்தாடை குறுகலாகவும் கீழ்த்தாடை உள்வாங்கியும் வளரலாமாம். சிலர் தூக்கத்தில் பல்லை வேறு நறநறவென்று கடிப்பார்களாம். இதிலெல்லாம் தாடை மூட்டு நொந்து சத்தம் போடுமாம்.

“மாதவிலக்கு நின்னுடுச்சாம்மா?”

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரிலிருந்த பல் படத்தை அப்படியொரு அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

“நின்னுடுச்சு. அதுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?”

“அது நின்னா ஒரு ஹார்மோன் குறையும்; அதனால மூட்டு வலி சிலருக்குக் கூடும். தாடையும் மூட்டுதானே? நாமதான் முழங்காலை மட்டும் மூட்டுன்னு நினைச்சுக்கறோம்.”

தூக்கத்தில் மூச்சைச் சோதிக்கணும், மூக்குக்குத் தனி டாக்டரைப் பார்க்கணும், அப்புறம் தாடைக்குப் பயிற்சி. “மூக்கு சரியானதும், பேசாத நேரத்துல வாயை மூடியே வைங்க.”

“இதையே நான் சொன்னா சண்டை,” என்றார் புருஷன். “டாக்டர் சொன்னா மருந்தா?”

மூவரும் சிரித்தார்கள். டாக்டர் அடுத்துச் சொன்னதில் அக்காவின் சிரிப்பு அணைந்தது. “வலி குறையும்மா. சத்தம் முழுசா போகும்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்.”

அப்படியேதான் ஆயிற்று. மூக்கு திறந்தது. மில் ஓய்ந்தது. காலையில் தலைப்பாரம் இல்லை, மெல்லும்போது வலி இல்லை. ‘டக்’ மட்டும் குடியிருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சத்தம் போயிற்றா என்று பார்க்க மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். அக்கா வழக்கம்போல மைக் பொத்தானுக்கு விரலை நீட்டினாள். நன்றாகத் தூங்கி எழுந்த மூளைக்கு அப்போதுதான் உறைத்தது: சத்தம் வாயைத் திறக்கும்போதுதானே வருகிறது, பேசும்போது இல்லையே! இத்தனை காலமும் பொத்தானை அமுக்கிவிட்டு அல்லவா வாயைத் திறந்தோம்?

முதலில் வாயைத் திறந்தாள். டக். அதற்கப்புறம் அமுக்கினாள்.

“பயணிகளின் கவனத்திற்கு…”

குரல் எண்ணெய் ஒழுகுவதுபோல ஓடியது. மேலாளர் புருவத்தைத் தூக்கினார். “அட, சத்தம் போயிடுச்சேம்மா!”

“போகல சார்,” என்றாள் அக்கா. “இந்த நிலையத்துல அது ஒண்ணுதான் நேரத்துக்கு முன்னாடியே கிளம்பிடுது.”