தருமன் நட்ட கழி

திருக்கை முள் குத்தினால் பச்சிலை வைத்துக் கட்டுவார்கள், தருமனுக்கும் கட்டினார்கள். கால் கறுத்து, வீச்சமெடுத்து, உயிருக்கே ஆபத்து என்றான பிறகுதான் தம்பி வரதன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உலாந்தா வெள்ளைக்காரன் கோட்டைக்கு ஓடினான். கோட்டை வைத்தியன் முழங்காலுக்குக் கீழே அறுத்துப் போட்டான். தான் ஓடிய அந்த ஓட்டத்தை வரதன் சொல்லிக்காட்டாத ஆள் குப்பத்தில் இல்லை.

புண் ஆறியது. இல்லாத காலின் கட்டைவிரல் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. சொறிவதற்குக் கை போய் வெறும் பாயைத் தடவும்போதெல்லாம் தருமனுக்கு அழுகை வரும். அவன் மனைவி அம்மணி விடவில்லை. தோல் காய்க்கட்டும் என்று, வெட்டுப்பட்ட முனையைத் தவிட்டு மூட்டையில் வைத்து அழுத்தச் சொன்னாள். மடங்கிப்போன முழங்காலைத் தினமும் இழுத்து நீட்டினாள். வலியில் அவன் வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

"திட்டு. திட்டிக்கினே நீட்டு" என்பாள்.

கடலோடு கலக்கும் உப்பேரியில் மீன் பிடிக்க யாருக்கு எந்த இடம் என்று குப்பத்தார் ஆண்டுதோறும் ஓலை குலுக்கிப் பிரிப்பார்கள். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். ஓலை விழுந்தவன் அன்றே தண்ணீரில் இறங்கி, சேற்றை மிதித்து, தன் கையால் வலை கட்டும் கழியை நட வேண்டும். தோணியில் உட்கார்ந்தபடி நடுகிறவனுக்குப் பாடு கிடையாது. தருமன் படுத்த நாளாய் அவன் பாடு வரதன் கையில்தான். "நீ குந்துண்ணா, நான் கீறேன்ல" என்று கஞ்சியும் மீனும் கொண்டுவந்து வைப்பான். பாடு போனால் காலத்துக்கும் இந்தக் கஞ்சிதான் என்று தருமனுக்குத் தெரியும்.

கோட்டைக் கப்பல் தச்சன் கடைந்து கொடுத்த மரக்கால் கல்தரையில் ராஜா. ஏரியில் கால் வைத்ததும் சர்ரென்று புதைந்துவிட்டது. தலைமுடியைப் பிடித்துத்தான் அம்மணி அவனை வெளியே இழுத்தாள். வெள்ளைக்காரனுக்கு நம்ம சேறு என்ன தெரியும்? உடைந்த தோணிப் பலகையில் அகலமாய்ப் பாதம் செதுக்கி அடியில் பூட்டினார்கள். இப்போது புதையவில்லை, சேறு கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பலகையில் ஓட்டை போட்டு, குதியைச் சாய்த்து உருவப் பழகினான். தோலுரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் நெருப்பாய் எரிந்தது. மறுநாளும் இறங்கினான்.

குலுக்கலில் தருமன் ஓலை விழுந்தது. குப்பமே கரையில் நின்று பார்க்க, இடுப்பளவு தண்ணீரில் விழாமல் நடந்துபோய்க் கழியை நட்டான். அம்மணி சந்தோஷத்தில் சத்தம் போட்டு அழுதாள்.

வரதன் தொண்டையைக் கனைத்தான். "அண்ணன் மேல கோவம் இல்ல. ஊர்க் கட்டுப்பாட்டச் சொல்றேன். சேத்த மிதிச்சது மரந்தானே? தோணியும் மரந்தான்."

தலைவர் நீலமேகம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அவன் சொல்றது நாயந்தான். அண்ணன் பாடு இனிமே தம்பிக்கு."

"இன்னா நாயம்? இன்னொரு காலு இருக்குதே, அதுவும் மரமா?" என்று அம்மணி கத்தினாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது, பங்குக்காக. வரதன் தண்ணீரில் இறங்கி, தருமன் நட்ட கழியை ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. அதிலேயே தன் வலையைக் கட்டினான். தன் கையால் நட வேண்டும் என்ற கட்டுப்பாடு அப்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கரையேறியவன், "வாண்ணா, தூக்கிக்கினு போறேன்" என்று முதுகைக் காட்டிக் குனிந்தான். தருமன் அவனைத் தாண்டி நடந்தே வீட்டுக்குப் போனான்.

பொழுது சாய்ந்ததும் வரதன் வீட்டுக் கஞ்சி வந்தது. பசித்தது. தருமன் குடித்தான்.