கூட்டிப் போட்ட வயசு

ஹைதராபாத்திலிருந்து வந்து இறங்கிய பானுப்ரியா முகம்கூடக் கழுவவில்லை. பஞ்சு மில்லின் ரெண்டாவது ஷிப்டுக்குத் தூக்குவாளியில் சோறு அடைத்துக்கொண்டிருந்த அம்மா பொன்னழகுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒன் நெச வயசு என்ன?”

“ஆதார்ல இருக்குல்ல, நாப்பத்தெட்டு.”

“ஆதார விடு. கொறச்சுக் கிறச்சுப் போட்டுட்டாங்களா?”

குறைத்துத்தான் போட்டிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளக்கிறார்கள். எந்த ஜீன் வேலை செய்யலாம், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்று அதட்டி வைக்கும் பொடித் துணுக்குகள் அவை. வயது ஏறினால் அவற்றின் அளவும் மாறும். அதை வைத்து உடம்பின் வயதைக் கணிக்கப் பார்க்கிறார்கள். மகளைப் பார்க்கப் போன பொன்னழகுவும் அங்கே ஆதார் வயதைச் சொல்லி ரத்தம் கொடுத்திருந்தாள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அம்மாவின் எண்ணை பானு தேடிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தாள். உடம்பின் வயது அறுபத்தொன்று என்றிருந்தது.

இதை வைத்து ஒரு ஆளின் ஆயுளைச் சொல்ல முடியாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அம்மா என்றதும் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அம்மாவுக்கு நிஜமாகவே அறுபது நெருங்கியிருந்தால் பயம் தீர்ந்தது.

“கொறைக்கலடி, கூட்டிப் போட்டது” என்றாள் அம்மா. “மில்லுல பதினெட்டு ஆயிருக்கணும்னாங்க. எனக்குப் பதினாலு. எங்கப்பா நாலக் கூட்டிச் சொல்லிட்டாரு. அதுவே ரேசன் கார்டு, ஆதாருன்னு எல்லாத்துலயும் ஏறிப்போச்சு.”

அப்படியானால் நாற்பத்து நாலு. உடம்புக்கோ பதினேழு வயது கூடுதல்.

“ஏன்டி மூஞ்சி செத்துப்போச்சு?”

பானு மறைக்காமல் சொன்னாள். பஞ்சுத் தூசியா, தூங்காத ஷிப்டா, எதனால் என்று தெரியாது என்றும் சொன்னாள். அம்மா இருமி முடித்துவிட்டு வாளி மூடியை அழுத்தினாள்.

“இதுக்கு மாத்திர இருக்கா?”

“இல்லம்மா. மில்ல விட்ரு. நான் அனுப்புறேன்.”

“நீ அனுப்பிக் கிழிச்ச. அங்க ஒனக்கே சோத்துக்கு வெஞ்சனம் வாங்க வழியில்ல. மாத்திர இல்லாத சீக்குக்கு எதுக்கு ரத்தம் எடுத்தீக?”

பானு தூக்குவாளியை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள்.

“ஒங்க லேபு கம்ப்யூட்டர்ல நாப்பத்தெட்டே இருக்கட்டும். தோண்டாத.”

வாசலில் மில் வேன் ஹாரன் அடித்தது. அம்மா ஏறினாள்.

“ஏ, எம் மக எனக்கு நாலு வயசு கொறச்சுட்டா” என்று அவள் சொல்வது கேட்டது. வேனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.