வண்டி வந்துவிட்டது, ஆள் வருவார்

பூட்டுக்காரர் தன் வண்டிக்குப் பிறகு வந்து சேரத் தொடங்கியது மழைக்காலம் முடிந்த வாரத்தில். வண்டி தெருமுனை திரும்பும், வாசலில் வந்து நிற்கும், ஸ்டாண்டு இறங்கும், சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவரும் சீட்டில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் நேராகத்தான் வந்தேன், வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்பார். பொய் சொல்கிற ஆளும் இல்லை. வண்டி மட்டும் தனியாக வரும்போது ஒழுங்காகவே வந்தது, சிக்னலில் நின்றது, திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டது. ஒரு முறை போக்குவரத்துக் காவலர் மறித்து லைசென்ஸ் கேட்டு, பதில் சொல்ல ஆள் இல்லாததால் நிழலில் ஒதுங்கிக் காத்திருந்து, அவர் வந்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்பினார். சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்கிற வாடிக்கையாளர்களும் பழகிக்கொண்டார்கள். வண்டி வந்துடுச்சு, ஆள் வந்துடுவாரு என்று படியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர் மனைவிக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், மயிரிழை விலகினாலும் பொறுக்காத கை. அப்போது முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி மட்டும் நின்றால் நான் வண்டியின் கையையா பிடித்துக்கொள்வது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். வண்டியைத் தன் அண்ணனின் மெக்கானிக் பட்டறைக்கு அனுப்பி வைத்தாள்.

அண்ணனை ஊரில் எல்லோரும் புள்ளி என்று கூப்பிட்டார்கள். எதைக் கழற்றினாலும் முதலில் தன் மனைவியின் நெயில் பாலிஷால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுத்தான் ஸ்பானரையே தொடுவார். புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டினால் வந்தபடியே திரும்பப் போகும், அதுதான் அவர் பெருமை. வீட்டில் குக்கர் மூடி, கதவுக் கீல், மிக்சி ஜார், மூக்குக்கண்ணாடிக் காம்பு என்று எல்லாவற்றிலும் புள்ளி இருந்தது. மனைவி விரலில் மட்டும் நெயில் பாலிஷ் இருந்ததில்லை. வண்டி பழைய வண்டி, பிஸ்டனோடு சுற்றும் கிராங்கிலிருந்து ஒரு செயின் போய், வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுற்றும். புள்ளி அதைத் திறந்து பார்த்து, செயின் தொளதொளவென்று நீண்டு போயிருப்பதைக் கண்டு சிரித்தார். கேம் வீலில் ஒரு புள்ளி, கிராங்க் பல்லில் ஒரு புள்ளி வைத்தார். புதுச் செயின் போட்டார், புள்ளிகளைச் சேர்த்தார், மூடினார். நீண்ட செயின் ஏற்கனவே ஒரு பல் நழுவியிருந்தது என்பதும், தான் வைத்தது அந்தத் தவறுக்கே வைத்த புள்ளி என்பதும் அவர் மண்டையில் ஏறவில்லை. வந்தபடியே, அதாவது ஒரு பல் பிந்தியே, அச்சுப் பிசகாமல் திரும்பப் போனது வண்டி.

புதுச் செயினில் கோளாறு இன்னும் உறுதியாக உட்கார்ந்துகொண்டது. வண்டிக்கும் ஆளுக்கும் நடுவே முதலில் உலை கொதிக்கிற நேரம், பிறகு துணி காய்கிற நேரம், பிறகு ஒரு தூக்கம் போட்டு எழுகிற நேரம் என்று இடைவெளி வளர்ந்தது. மனைவிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது, பள்ளிக்கூடம் ஒன்றில் பீரோ திறக்கப் போனவரின் வண்டி மத்தியானம் வீட்டுக்கு வந்து நின்றது. அவர் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அவள் யார் கையையும் பிடிக்கவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியைப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் புள்ளி தட்டிக் கழித்தார். ஆள் வழியில் இருக்கும்போது இன்ஜினைப் பிரிப்பதா, எக்குத்தப்பாக எதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பார். வெளியே சொன்னது அது. உள்ளே இருந்தது, நான் வைத்த புள்ளி தப்பாகுமா என்ற வீம்பு. அவள் தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, சீட்டைத் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். பார்க்க வந்தவர்கள் குழந்தைக்கு அப்பாவைக் காட்ட வேறு வழியில்லாமல் வண்டியைக் காட்டினார்கள். பல் முளைத்த குழந்தை ஒரு நாள் ஹெட்லைட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெளிவாக "அப்பா" என்றது. அவள் அதற்குமேல் பொறுக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளச் சொல்லி, வண்டியைப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டாள்.

"இன்னைக்குப் பிரிக்கிறே. இல்லேன்னா நானே பிரிப்பேன்" என்றாள்.

அவள் பிரித்துவிடுவாள் என்று புள்ளிக்குத் தெரியும். கவரைக் கழற்றினார். புள்ளியும் புள்ளியும் சொன்னது போலவே சேர்ந்திருந்தன. சரி, உன் திருப்திக்கு ஒரு பல் தள்ளி வைக்கிறேன் என்று எந்தப் பக்கம் தள்ளுவது என்றுகூட யோசிக்காமல் தள்ளி மாட்டி, கிராங்க் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார். காலியாக இருந்த சீட்டிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பூட்டுக்காரரின் இருமல்தான், சந்தேகமே இல்லை. ஃபுட்ரெஸ்டில் ஒரு செருப்பு தெரிந்தது. அதோடு ஸ்பானர் எதிலோ முட்டி நின்றது.

"அமுக்கிச் சுத்துண்ணா!"

"கூடாது. வால்வு பிஸ்டன்ல இடிக்குது. அமுக்கினா வளைஞ்சிடும்" என்ற புள்ளி, அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். வளையப் போவது வால்வு மட்டும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. தள்ளிய பல்லைப் பழையபடி வைத்தார். செருப்பு மறைந்தது, இருமல் அடங்கியது. அவள் அழவில்லை. குழந்தையை அண்ணன் மடியில் போட்டுவிட்டு, கடையில் லென்ஸைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் கேம் வீலைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல ஒரு கோடு ஓடுதே. கம்பெனிக்காரன் போட்டதா?"

"ஆமா. அது எதுக்கு, அதான் நம்ம புள்ளி இருக்கே."

"உன் புள்ளி அந்தக் கோட்டு மேலயே உக்காரலையே."

புள்ளி எழுந்துபோய்த் தின்னரில் துணியை நனைத்து வந்து, தானே தன் புள்ளியைத் துடைத்தார். கிராங்கோடு சுற்றும் மேக்னெட் வீலில் உள்ள டி குறியை இன்ஜினின் பக்கக் கவரில் உள்ள சின்ன ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்தார், பிஸ்டன் உச்சியில் நின்றது. செயினை இறக்கிக் கேமைத் திருப்பி, கோட்டை இன்ஜின் ஹெட்டின் விளிம்போடு சமமாக வைத்தார். வால்வுகளை அமுக்கும் ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டிப் பார்த்தார், இரண்டும் லேசாக ஆடின, வால்வு இரண்டும் மூடியிருக்கின்றன என்று அர்த்தம். செயினைப் போட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்கி, ஸ்பானரைப் பிடித்தார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பாதியில் பின்னால் திருப்பக் கூடாது.

முதல் சுற்றில் இருமல் வந்தது, செருப்பு இரண்டும் வந்தன, முழங்கால், சாவிக்கொத்துப் பை, பிறகு மார்பு வரைக்கும் சட்டை. எங்கும் முட்டவில்லை. இரண்டாவது சுற்றில் கழுத்து, மீசை, கண், தலை. டி குறி ஜன்னலுக்குத் திரும்பியபோது கோடு விளிம்பில் நின்றது, பூட்டுக்காரர் வண்டிமேல் முழுசாக உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன காலையில் செய்த சவரம் அப்படியே இருந்தது.

"என்ன மச்சான், நான் வீட்டுக்குத்தானே கிளம்பினேன், உங்க பட்டறைல நிக்கிறேன்?" என்றவர், புள்ளியின் மடியைப் பார்த்தார். "இது யாரு?"

"உங்களுக்கு முன்னாடியே வந்துட்டா. புடிங்க" என்றாள் மனைவி.

அவர் பிறந்த தேதி மாறவில்லை, ஆனால் வழியிலேயே போன மாதங்களை அவர் வாழவில்லை என்பதால், அதுவரை கணவனைவிடச் சில மாதம் இளையவளாக இருந்தவள் அன்றிலிருந்து மூத்தவளாகிவிட்டாள். வீட்டில் பெரியவள் நான்தான் என்று பிற்காலத்தில் அவள் அதிகாரம் செய்ததை அவரும் ஆட்சேபிக்கவில்லை, கணக்கு அப்படித்தானே. புள்ளி பிறகும் புள்ளி வைத்தார், கோட்டைப் பார்த்த பிறகு வைத்தார். பட்டறையில் அன்றைக்கு அவர் கவர் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, பூட்டுக்காரர் குழந்தையை வாங்கத் தெரியாமல் வாங்கினார். குழந்தை அவர் முகத்தைத் தடவிப் பார்த்தது, கிடைத்த மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. அவர் "ஐயோ!" என்று அலறினார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.