பிரித்து அடுக்கிய முகங்கள்

"மாமா, நம்ம வீட்டுப் படத்தையெல்லாம் முகம் பார்த்து கம்ப்யூட்டரே பிரிச்சு அடுக்கிடுச்சு, வந்து பாருங்க" என்று மருமகள் கூப்பிட்டாள். கணினி முன் உட்கார்ந்த பெரியவருக்குச் சுருக்கென்றது. அவர் முகம் என்று அது சேர்த்து வைத்த படங்களோடு அவருடைய தம்பியின் முகமும் இருந்தது. குடும்ப மானத்தைக் கப்பலேற்றினான் என்று ஆல்பத்திலிருந்தே அவனைக் கிழித்தெறிந்தவர் அவர். யாரோ அனுப்பிய கல்யாணப் படத்தில் நின்றிருந்தான்.

"இவன் என் தம்பின்னு இதுக்கு யாரு சொன்னது? நீயா?"

"உங்களுக்குத் தம்பி இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்! பெயர் சொல்லிக் காட்டிப் பழக்குறது ஒரு வகை மாமா. சரின்னா தட்டிக்கொடுத்து, தப்புன்னா தலையில குட்டிப் பழக்குறது இன்னொரு வகை. இதுக்கு யாருமே எதுவும் சொல்லலை. ஒண்ணுபோல இருக்கிறதை அதுவா சேர்த்து வைக்கும்."

"சொல்லாம எப்படித் தெரியும்?"

"மூக்கு சொல்லியிருக்கும்."

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் அடைத்தாயிற்று. வாயே இல்லாத இதை என்ன செய்வது?

தம்பியின் முகத்தைக் காட்டித் திரை கேட்டது: 'இது நீங்களா?'

"இல்லைன்னு அழுத்துங்க, பிரிச்சிடும். அப்புறம் அவர் யாருன்னு கேட்கும். நீங்க சொல்றதை வச்சுத்தான் கத்துக்கும்."

"அப்போ இது முதல் வகை ஆயிடுமே?"

"ஆமா, இப்ப நீங்கதான் வாத்தியார்."

பெரியவர் 'இல்லை'யை அழுத்தினார். 'யார் இவர்?' என்றது திரை. 'யாரோ' என்று போட விரல் வரவில்லை.

"தம்பின்னு போடும்மா" என்றார் விறைப்பாக. "தப்பாச் சொல்லிக்கொடுத்த குடும்பம்னு நமக்குப் பேர் வரக் கூடாது."

யாரும் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.